ஏழாம் நம்பர் பாய்

கணேசமூர்த்தி மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ரொட்டி போடுகிறவன். தாவூத் ராவுத்தரின் அடுப்பில் சுட்ட ரொட்டியைக் கூடையில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, விடியும் முன்பே புறப்பட்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவான். பதினோரு வருஷம் அந்த வேலையைச் செய்தான். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த சில மாதங்களில் கோதுமை மாவு தீர்ந்துபோனது. ராவுத்தர் ஆறிப்போன அடுப்புக்குள் கோழி அடைத்தார். கணேசமூர்த்தி சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஊரார் எல்லாரையும் போல மரவள்ளி நட்டான்.

அதுவரை அவனுக்கும் ஊராருக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்று வேளையும் மரவள்ளியைத் தின்று ஊரே வற்றிக்கொண்டிருந்தபோது, அதே கிழங்கைத் தின்று அவன் ஒருவன் மட்டும் பூரித்தான். கன்னம் உப்பியது, புஜம் திரண்டது, வயிறு முன்னால் வந்தது. அரிசியைப் பதுக்கி வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி சந்திரமதி பானைகளைக் கவிழ்த்துக் காட்டியும் யாரும் நம்பவில்லை. அவளுக்கே ஒரு சந்தேகம் வந்து, ஒருநாள் அவன் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவன் கிழங்கு பிடுங்கினான், வந்தான். அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்தின் நடுவில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பாசாரில், அதாவது சந்தையில், லாரி வந்து நிற்கும். திடமான ஆளாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பக்கத்து வீட்டுச் சுப்பையன் மீன் வாங்கப் போனவன். அவனுடைய மீன் பையை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து கணேசமூர்த்தி பகலில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். அவன் மூச்சு விட்டால் கட்டில் ஏறி இறங்கியது. இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று சந்திரமதிக்குக் கவலையாகிவிட்டது.

கிழங்கு மாவுக்கு வரிசையில் நின்றபோதுதான் அவள் காதில் அந்தச் செய்தி விழுந்தது. அபின் சண்டு குடிக்கிறவர்களை ஜப்பான்காரன் இப்போதெல்லாம் தொடுவதில்லையாம். முன்பு ஒரு தடவை மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்களாம். இரண்டு நாள் அபின் புகை கிடைக்காமல் போகவே, ரயில் நிலையத்திலேயே மூன்று பேரும் சுருண்டு விழுந்து, வாந்தியும் பேதியுமாகி, அவர்களைத் தூக்கிப் போட மட்டும் ஆறு பேர் தேவைப்பட்டார்களாம். கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பழக்கத்தை விடவைக்கும் வீடு ஒன்று இருக்கிறது, அங்கே படுத்திருப்பவர்களை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவள் கணவனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தலையில் எண்ணெய் வைக்காமல், நான்கு நாள் தாடியோடு, கிழிந்த சாரமாகப் பார்த்துக் கட்டவைத்து அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டை நடத்தியவர் கருணாகரன். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் கட்டுப் போடுகிற டிரசராக இருந்தவர். டாக்டராகவே ஆகியிருக்க வேண்டியவர் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். ஏதோ ஒரு காட்டுக்கொடியின் இலையை வறுத்து, கொதிக்கவைத்து, கஷாயம் இறக்கி, அதைக் கொண்டே அபின் பழக்கத்தை அடியோடு அறுத்துவிடலாம் என்று நம்பினார். வீடு ராஜரத்தினம் என்ற மலாக்காச் செட்டிக்காரருக்குச் சொந்தம்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன வம்சம். அவர் சாமி பெயரையும் உறவுமுறைப் பெயரையும் தமிழில் சொல்வார், மிச்சமெல்லாம் மலாய்தான். வீட்டைக் கொடுக்கும்போது அவர் விதித்த ஒரே நிபந்தனை, கோயில் விழா நாட்களில் யாரும் உரக்க முனகக் கூடாது என்பது.

கருணாகரனும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வேலிக்கு உள்ளே ஆண்கள் மட்டும்தான். முதல் மாதத்தில் ஒரு மனைவி, புருஷன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், கொழுக்கட்டைக்குப் பூரணமாகச் சண்டு உருண்டையையே வைத்துக் கொடுத்துவிட்டாள். அன்றோடு பெண்கள் வெளியே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகலாம்.

ஆகவே சந்திரமதி தன் கதையை வேலிக்கு வெளியே நின்றுதான் சொன்னாள். சாலையில் போகிறவர்களும் நின்று கேட்டார்கள்.

"ஆறு வருஷமா இந்தப் பழக்கம், டிரசர் ஐயா. மொதல்ல வெங்கலக் குண்டான் போச்சு. அப்புறம் என் மூக்குத்தி."

மூக்குத்தி அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். ஒரு சாமான் வாங்கிவரச் சொன்னால் வேறொன்றை வாங்கி வருகிறார். படுத்தால் குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அவளுடைய தம்பி கல்யாணத்துக்கு வந்து ஒரு வார்த்தை சிரித்துப் பேசவில்லை. கூரை ஒழுகுகிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லியும் ஏறிப் பார்க்கவில்லை. இதெல்லாம் பொய்யில்லை என்பது கணேசமூர்த்திக்குத் தெரிந்தது. நடிக்க வந்த இடத்தில் இவள் நிஜத்தையே எடுத்துவிடுகிறாளே என்று அவளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை.

கூரைக்கும் சண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கருணாகரன் கேட்டார்.

"எல்லாம் அதனாலதான் ஐயா," என்றாள்.

நின்று கேட்டவர்களில் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். கருணாகரன் நோயாளியின் வயிற்றை ஒரு தரம் பார்த்தார். சண்டு குடிக்கிறவன் இப்படி இருந்து அவர் கண்டதில்லை. ஆனால் அது வீக்கமாக இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நோட்டில் அப்படியே எழுதி, ஏழாம் நம்பர் பாயைக் காட்டினார்.

உள்ளே பதினான்கு பாய்கள். சமையல்காரன் வந்த வாரமே ஓடிப்போய்விட்டதால், நடக்க முடிந்தவர்கள் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். எட்டாம் நம்பர் பாயில் மருதமுத்து படுத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பிழைத்தவர், கடலோரத்து உஜோங் பாசிர்க்காரர். முதுகு வலிக்கென்று ஆரம்பித்த சண்டு பதினெட்டு வருஷம் நீண்டு, மாட்டையும் வண்டியையும் தின்றுவிட்டு அவரை எலும்பாக விட்டிருந்தது. அவர் புதியவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமாய்ப் படுத்துக் குடிப்பாய் என்று கேட்டார்.

கணேசமூர்த்தி யோசித்தான். உட்கார்ந்தபடி என்றான். சண்டுக் குழாயைப் படுத்துக்கொண்டுதான் பிடிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

மருதமுத்துவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறி, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கேட்டார்.

"லாரிக்குப் பயந்து வந்தியாப்பா?"

கணேசமூர்த்தி சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சொல்லிவிட்டது.

அன்று மத்தியானம் கஷாயம் வந்தது. கருணாகரனின் முறை இது: ஒவ்வொருவருக்கும் இரண்டு புட்டி. முதல் புட்டியில் கஷாயத்தோடு கொஞ்சம் சண்டும் கரைத்திருக்கும். அதிலிருந்து எவ்வளவு குடிக்கிறாரோ அவ்வளவு வெறும் கஷாயத்தை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்புவார். நாளாக ஆக உள்ளே போகும் சண்டு குறைந்துகொண்டே வந்து, ஆளுக்கே தெரியாமல் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். நல்ல முறைதான், பழக்கம் உள்ளவனுக்கு. கணேசமூர்த்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணம் குடித்தான். கால் மணி நேரத்தில் சுப்பையன், லாரி, ஒழுகும் கூரை எல்லாம் தூரமாகப் போய், பஞ்சு மூட்டைமேல் சாய்ந்த மாதிரி ஒரு சுகம் வந்தது. சாயங்காலம் தெளிந்து எழுந்தபோது அவனுக்கு வியர்த்துவிட்டது. இல்லாத பழக்கத்தை விட வந்த இடத்தில் பழக்கமே வந்துவிடும் போலிருந்தது.

மருதமுத்துதான் வழி சொன்னார். அவனுடைய கிண்ணத்தை அவர் குடித்துவிடுவார். பதிலுக்கு, சண்டு கிடைக்காத உடம்பு எப்படியெல்லாம் படுத்தும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுப்பார். கொட்டாவி விடக் கற்றுக்கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, தாடை கழன்றுவிடும்படி. மூக்கு ஒழுகுவதற்கு வெங்காயத் தோல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதற்கு ஒரு தனி லயம் இருந்தது. அதை அவர் படுத்துக்கொண்டே ஆடிக் காட்டினார். மயிர்க்கூச்சம் ஒன்றுதான் கற்றுக்கொடுக்க முடியாதது என்றார். டிரசர் கையைத் தடவிப் பார்ப்பார், அங்கே நடிப்பு செல்லாது. ஆனால் அதுதான் கணேசமூர்த்திக்குச் சுலபமாக வந்தது. கருணாகரன் அவன் கையைத் தொட்டதும் பாசாரில் நின்ற லாரியையும் சுப்பையனின் மீன் பையையும் நினைத்துக்கொள்வான். முழங்கை வரை ரோமம் குத்திட்டு நிற்கும்.

நடிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. பசி. மற்றவர்கள் கஞ்சியைப் பார்த்தாலே குமட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மீந்த கஞ்சியை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஐந்து நாள் தன்னைக் கட்டுப்படுத்திப் பார்த்தான். ஆறாம் நாள் ஏழு பேருடைய கஞ்சியைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான்.

பத்தாம் நாள் கருணாகரன் கொப்பரைக் கிடங்கிலிருந்து இரவல் வாங்கிய தராசில் எல்லாரையும் நிறுத்தார். பதிமூன்று பேர் இளைத்திருந்தார்கள். ஏழாம் நம்பர் நான்கு கட்டி, ஐந்து ராத்தலுக்கு மேல், ஏறியிருந்தான். கருணாகரன் கல்லை மாற்றிப் போட்டு மறுபடியும் நிறுத்தார். கொட்டாவி நின்றுவிட்டதா என்று கேட்டார். பாராட்டுகிற தொனியில் கேட்டதால், கணேசமூர்த்தி கொஞ்சம் மயங்கி, நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டான். கருணாகரன் அவன் தோளைத் தட்டினார். இருபது வருஷமாக டாக்டர்கள் அவரைக் கட்டுப் போடவும் சீழ் துடைக்கவும்தான் கூப்பிட்டார்கள். இப்போது அவருடைய சொந்த மருந்து ஒரு மனுஷனைப் பத்தே நாளில் மீட்டுவிட்டது. நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார். பிறகு ஜப்பான் அதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதினார்: ஏழாம் நம்பர் நோயாளி பத்தே நாளில் பூரண குணம், உடல் பெருத்திருக்கிறார், நேரில் வந்து பார்க்கலாம்.

அந்தக் கடிதத்தின் விவரம் கஞ்சி காய்ச்சும் இடத்தில்தான் கணேசமூர்த்திக்குத் தெரிந்தது. இந்த வீட்டை நடத்த ஜப்பான்காரன் சும்மா அனுமதி கொடுக்கவில்லை. குணமானவர்களின் பெயரை ஆள் சேர்க்கும் ஆபீசுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. இதை வரிசையில் யாரும் சந்திரமதிக்குச் சொல்லவில்லை. சயாமுக்குப் போகாமல் தப்ப வந்தவன், வீட்டிலேயே முதலாவதாகச் சயாமுக்குப் போகத் தகுதி பெற்றுவிட்டான்.

மறுபடி கொட்டாவி விட ஆரம்பித்தான். கருணாகரன் அதை நல்ல தூக்கம் வருவதற்கு அடையாளம் என்று எழுதிக்கொண்டார்.

அது நடந்து இரண்டு நாளில் வெள்ளிக்கிழமை வந்தது. வேலிக்கு வெளியே சந்திரமதி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மருதமுத்துவின் மகள் கோகிலா, ஓலைப் பொட்டலத்தில் கருவாடு வைத்துக்கொண்டு நின்றாள். உஜோங் பாசிரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கணேசமூர்த்தி தன் மனைவியிடம் ஆபத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, கருணாகரன் கோகிலாவிடம் பேசுவது அவன் காதில் விழுந்தது. எட்டாம் நம்பருக்கு மருந்து பிடிக்கவில்லை, நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போகிறார், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை, திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப்போய்விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலா தலையாட்டினாள். கருவாட்டுப் பொட்டலத்தை வேலி வழியாக நீட்டிவிட்டு, அப்பாவுக்கு வறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள். அழுதுகொண்டே நடந்தாள். வீட்டுக்குப் போனால் அவர் மறுநாளே சண்டுக் கடைக்குப் போவார் என்பது அவளுக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் மந்தமானது தன்னுடைய கிண்ணத்தால்தான் என்பது கணேசமூர்த்திக்கு உறைத்தது; சந்திரமதியிடம் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான். உடம்பு சரியில்லையா என்று அவள் நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவன் கிண்ணத்தை நீட்டவில்லை. மருதமுத்து கையை நீட்டிக் காத்திருந்தார். பிறகு கெஞ்சினார். பிறகு திட்டினார், மாட்டுக்காரர்கள் மாட்டைத் திட்டுகிற வார்த்தைகளெல்லாம் வந்தன. கடைசியில், டிரசரிடம் சொல்லிவிடுவேன், நாளைக்கே லாரியில் ஏறிவிடுவாய் என்றார்.

"நீங்க எந்திரிக்க வேணாம், அண்ணே. நானே போய்ச் சொல்லிடுறேன்," என்று கணேசமூர்த்தி எழுந்தான்.

கருணாகரன் இலை வறுத்துக்கொண்டிருந்தார். அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"ஐயா, எனக்குச் சண்டுப் பழக்கமே இல்லைங்க."

"அதான் எனக்குத் தெரியுமே. பத்தாம் நாளே போயிருச்சு."

"பத்து நாளா இல்லீங்க. பொறந்ததுலேர்ந்து, முப்பத்திரண்டு வருஷமா இல்லை."

கருணாகரன் அகப்பையைக் கீழே வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார், அவன் வயிற்றைப் பார்த்தார். அப்படியானால் மருந்து எங்கே போனது என்று கேட்டார். எட்டாம் நம்பர் என்று அவன் சொன்னதும், இரண்டு புதிரும் ஒரே சமயத்தில் அவிழ்ந்து அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் ஒன்றை அவரால் விட முடியவில்லை.

"மயிர்க்கூச்சம் இருந்துச்சே. நானே தடவிப் பார்த்தேனே."

"சயாமை நெனச்சுக்குவேன், ஐயா."

இலை தீய்ந்து புகைந்தது. அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதிகாரி புதன்கிழமை வருகிறார் என்று மட்டும் சொன்னார்.

மருதமுத்து திங்கட்கிழமை வீட்டுக்குப் போகவில்லை. அவருக்குப் புதிதாக இரண்டு புட்டி வைத்துக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. இத்தனை நாள் இரண்டு கிண்ணம் குடித்த உடம்புக்கு ஒன்று போதவில்லை. அவன் நடித்ததெல்லாம் இப்போது பக்கத்துப் பாயில் நிஜமாக நடந்தது. கணேசமூர்த்தி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் உட்காரவைத்தான், கழுவிவிட்டான், நடுங்கும்போது சாக்கைப் போர்த்தி மேலே தன் காலைப் போட்டு அழுத்திக்கொண்டான். அவர் இடைவிடாமல் திட்டினார். கருவாட்டை வறுத்துக் கிழங்கோடு பிசைந்து ஊட்டினான். அதை அவன் முகத்திலேயே துப்பினார். மூன்றாம் நாள் ஒரு வாய் விழுங்கினார். உப்பு பத்தவில்லை என்றார்.

புதன்கிழமை காலையில் கருணாகரன் ஒரு வழி செய்தார். சமையல்காரன் ஓடிப்போன இடம் காலியாகத்தானே இருக்கிறது. கணேசமூர்த்தியின் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி அடுப்பண்டை நிறுத்தினார். ஆனால் ஏழாம் நம்பர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்பது அவருக்கே தெரியவில்லை. பாயைச் சுருட்டி ஒளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

அதிகாரி குட்டையானவர். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அவருடைய ஜப்பான் பேச்சை மலாயில் சொன்னார். அவர்கள் முதலில் பார்த்தது அடுப்பண்டை நின்ற பெரிய உருவத்தைத்தான். சமையல்காரன் என்று கருணாகரன் சொன்னதும், அது தெரிகிறது என்று மொழிபெயர்ப்பாளர் தம் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சிரித்தார். பிறகு அதிகாரி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பத்து நாளில் குணமான ஏழாம் நம்பர் எங்கே?

கருணாகரன் நோட்டைத் திறந்து பக்கங்களைப் புரட்டினார்.

"சாயா, துவான்," என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் ஐயா என்று மருதமுத்து எழுந்து நின்றார். எப்போது எட்டிலிருந்து ஏழாம் நம்பர் பாய்க்கு நகர்ந்தார் என்பதை யாரும் பார்க்கவில்லை. சட்டை இல்லாத மார்பில் எலும்புகளை எண்ணலாம். கால் நடுங்குவது தெரியாதபடி முழங்கால்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தார்.

அதிகாரி கடிதத்தைப் பார்த்தார். பூரண குணம், உடல் பெருத்திருக்கிறார் என்று அதில் எழுதியிருந்ததை மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். அதிகாரி மூலையில் இருந்த கிழங்கு மூட்டையைக் காட்டினார். தூக்கு.

மருதமுத்து மூட்டையிடம் போனார். வண்டிக்காரர்கள் குனிகிற மாதிரி, முதுகை வளைக்காமல் காலை மடக்கிக் குனிந்தார். சாக்கின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தார். மூட்டை தரையை விட்டுக் கிளம்பி முழங்கால் வரை வந்தது. கணேசமூர்த்தி அடுப்பை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டான்; இந்த மனுஷன் தூக்கிவிட்டால் சயாம்தான். மூட்டை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு மூட்டை கீழே போனது, அவரும் அதன்மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

அதிகாரி கொஞ்ச நேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கிச் சொன்னார்: குணமானவனே இப்படி என்றால், குணமாகாதவர்களைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. இவர்களைத் தின்னவைத்துத் தேற்ற வேண்டும். தேறும் வரைக்கும் பெயர்ப் பட்டியல் எதுவும் அனுப்பி ஆபீசைத் தொந்தரவு செய்யக் கூடாது. சமையல்காரன் இங்கேயே இருக்கட்டும். கார் போய்விட்டது.

கணேசமூர்த்தி ஓடிப்போய் மருதமுத்துவைத் தூக்கினான். வேண்டுமென்றேதான் மூட்டையைக் கீழே விட்டீர்களா என்று கேட்டான்.

"இல்லப்பா," என்றார் அவர். அவர் கண்ணில் நீர் நின்றது. "தூக்கத்தான் பார்த்தேன். முன்ன ரெண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவேன்."

ராஜரத்தினம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, கார்க்காரர்கள் வீட்டு வாடகையைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று மலாயில் விசாரித்தார்.

யுத்தம் முடியும் வரை கணேசமூர்த்தி அங்கேயே சமைத்தான். கிழங்கு மாவைத் தென்னங்கள்ளு விட்டுப் புளிக்கவைத்து, ரொட்டி என்று ஒன்றைச் சுட்டான். கல் மாதிரி இருந்தாலும் நோயாளிகள் தின்றார்கள். மருதமுத்துவின் கிண்ணத்தில் சண்டு முழுக்கத் தீர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் மூன்று மாதம் அங்கேயே இருந்து, புதிதாக வருகிறவர்களைத் தாங்கிப் பிடித்தார். அவர்கள் இருவரையும் தவிர மற்றப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் நல்லபடியாக வெளியே போனார்கள். இரண்டு பேர் வேலி தாண்டி ஓடினார்கள். ஒருவர் காய்ச்சலில் செத்துப்போனார். கருணாகரன் தம் மருந்தின் மேல் வைத்த நம்பிக்கையைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் புதிதாக வருகிறவனைச் சேர்க்கும் முன், எந்தப் பக்கம் படுத்துக் குடிப்பாய் என்று கேட்கப் பழகிக்கொண்டார்.

நாற்பத்தாறாம் வருஷம் கப்பலில் மாவு வந்தது. ராவுத்தர் கோழிகளை விரட்டிவிட்டு அடுப்பைக் கழுவினார். முதல் நாள் சுட்டதில் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, கணேசமூர்த்தி சைக்கிளில் உஜோங் பாசிருக்குப் போனான். கோகிலா அங்கே கடலோரமாகச் சின்னதாய் ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தாள். மருதமுத்து பெஞ்சில் உட்கார்ந்து கடைக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். ரொட்டியை முகர்ந்து பார்த்து, ஓரம் அழுத்தமாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு, தேநீரில் நனைத்துத் தின்றார்.

மழை தூற ஆரம்பித்தது. கோகிலா உள்ளே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"மழை வந்தா இன்னமும் ஆசையா இருக்குப்பா. முதுகுல ஆரம்பிச்சு மேல வருது."

கணேசமூர்த்திக்கு அந்த ஆசை தெரியாது. ஒரே ஒரு கிண்ணத்தின் ஞாபகம்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக் கூரைக்கு அடியில் சாய்த்துவிட்டு, கோகிலாவிடம் இன்னும் இரண்டு தேநீர் சொன்னான். மழை விடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.